பெண்மணி ஓட்டிய வண்டி

"ஒரே உரிமையாளர். பெண்மணி ஓட்டியது. வெள்ளநீர் படாதது. நிதானமான குடும்ப உபயோகம்."

பழைய கார்களை விற்றுத் தரும் ஒரு செயலி, தன் முத்திரையோடு, வரிக்கு வரி பச்சை டிக் போட்டு வழங்கிய சான்று அப்படிச் சொன்னது. அந்தப் பெண்மணியின் பெயர் ஞானபாக்கியம். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தண்டையார்பேட்டையில் கீழே கோடவுனும் மேலே வீடுமாக உள்ள ஒரு கட்டடத்தில் குடியிருக்கிறார். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது அவர் பெயர்தான் என்பதால் முதல் வரியில் குற்றமில்லை. இரண்டாவது வரியில் மட்டும் சிறு சங்கடம். அவர் தம் வாழ்நாளில் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொட்டவர் அல்ல. துடைப்பதற்காகக்கூடத் தொட்டதில்லை. ஓட்டுகிறவர்தான் துடைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. முன்சீட்டில் உட்காரும் வழக்கமும் கிடையாது.

அந்த வரியை எழுதிக் கொடுத்தவன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் ஆன்றோ. போனிலேயே விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு, போனிலேயே அம்மாவிடம் சொன்னான்.

"லேடி டிரிவன்னு போட்டாத்தாம்மா வண்டி சீக்கிரம் போவும். எல்லாரும் அப்படித்தான் போடுதாங்க."

"நான் எப்பம்ல ஓட்டுனேன்?"

"பின்ன அப்பாவா ஓட்டுனாரு? இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் மாடு, பிரேக்கப் பிடிங்க, ஹாரன அடிங்கன்னு பின்னாடி இருந்து இருபது வருசமா ஓட்டுனது யாரு?"

ஞானபாக்கியம் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அவர் மறுக்க நினைத்தது மூன்றாவது வரியை. அதை ஆன்றோவிடம் சொல்ல முடியாத காரணம், பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடிக்காத குறையாக வாசித்துக்கொண்டிருந்தது. அவர்தான் கணவர் தேவப்பிரியம்.

தேவப்பிரியத்துக்கு ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில், கயிற்றுக் கடை. நாசரேத் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து, நாற்பது வருடமாகப் படகுக்காரர்களுக்கு நைலான் கயிறும் நங்கூரச் சங்கிலியும் மிதவையும் விற்கிறவர். நீச்சல் தெரியாது. படகில் ஏறினால் வாந்தி வரும். ஆனால் படகை எப்படிக் கட்ட வேண்டும் என்று படகுக்காரர்களுக்கே பாடம் எடுக்காமல் ஒரு முழக் கயிற்றையும் வெட்டிக் கொடுக்க மாட்டார். "தொய்வு விட்டுக் கட்டுங்க. தண்ணி ஏறும், இறங்கும். அதுகூட படகும் ஏறி இறங்கணும். இழுத்துக் கட்டுனவன் படகு தண்ணிக்குள்ளதான் கிடக்கும்." காசிமேட்டில் இதை மனப்பாடமாகச் சொல்லாத ஆள் கிடையாது. அண்ணாச்சியின் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறவர்களும் உண்டு.

ஞானபாக்கியத்தின் இடம் பின்சீட்டின் இடது ஓரம். அதற்குக் காரணம் ஒரு தூக்குவாளி.

அவர்கள் சேர்ந்திருக்கும் சபை விம்கோ நகரில் இருக்கிறது. வருடம் ஒருமுறை அங்கே அசனம் நடக்கும். சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. பந்தி முடிந்ததும், வராதவர்களுக்காகக் குழம்பை வாளியில் வாங்கி வருவது வழக்கம். தண்டையார்பேட்டைச் சந்தில் வராதவர்கள் என்றால் சந்து முழுவதும்தான். பாதிப் பேர் வேறு சாமி கும்பிடுகிறவர்கள் என்றாலும் குழம்பு விஷயத்தில் யாரும் வேற்றுமை பாராட்டுவதில்லை. ஆகவே திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் அத்தனை மேடு பள்ளங்களையும் கடந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் அந்த வாளி வந்து சேர வேண்டும். ஞானபாக்கியம் அதை இரண்டு பாதங்களுக்கு நடுவில் நிறுத்தி, முழங்கால்களால் அணைத்துக்கொண்டு வருவார். கார் என்பது அவர் கணக்கில் வாளிக்குப் போட்ட கூரை.

கார் வாங்கப் போகும்போதெல்லாம் அவர் கையில் தண்ணீர் நிரம்பிய தூக்குவாளி இருந்ததற்கும் அதுதான் காரணம். ஷோரூம் பையன்கள் பதறுவார்கள்.

"மேடம், சீட்டு நனைஞ்சிடும் மேடம்!"

"நனைஞ்சா வண்டி சரியில்லன்னு அர்த்தம் தம்பி. நீ ஏன் பயப்படுத?"

அந்தக் குடும்பம் வாங்கியதெல்லாம் ஒரே கம்பெனியின் ஒரே செடான். அதன் தலைமுறைகள் மாறின, ஞானபாக்கியத்தின் அளவுகோல் மாறவில்லை. முதல் தலைமுறை வண்டியை ஒரு துறைமுக அதிகாரியிடமிருந்து பழசாக வாங்கினார்கள். தரையோடு தரையாக இருக்கும். அதில் ஏறுவது என்று சொல்ல முடியாது, கிணற்றில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். "வாளி சிந்தல. நாந்தான் மடங்கிட்டேன்" என்று அவர் தீர்ப்புச் சொன்னார். இரண்டாவது தலைமுறை உயரமாக, வால் குட்டையாக, யாரோ கன்னத்தைக் கிள்ளிவிட்டதுபோன்ற முகத்தோடு வந்தது. அதையும் பழசாகத்தான் வாங்கினார்கள். தேவப்பிரியம் வெட்கப்பட்டுக்கொண்டு சபைக் கோயிலுக்கு இரண்டு கட்டடம் தள்ளி நிறுத்துவார். ஆனால் பின்சீட்டில் ஒரு குடும்பம் கால் நீட்டிப் படுக்கலாம். "பாக்க லட்சணம் இல்ல, உள்ள உக்காந்தா வீடு" என்றார் ஞானபாக்கியம். தம் கணவரைப் பற்றியும் ஏறக்குறைய இதே அபிப்பிராயம்தான் அவருக்கு.

மூன்றாவது தலைமுறை பேரழகு. ஊரே திரும்பிப் பார்த்தது. அழகுக்காகக் கூரையைப் பின்னால் சரித்துவிட்டதில், உட்கார்ந்தால் தலை இடித்தது. "கொண்டைக்கு இடமில்லாத வண்டி எனக்கு எதுக்கு?" என்று அந்தத் தலைமுறையையே அவர் தள்ளிவிட்டார். ஒவ்வொரு முறையும் வண்டியை மேம்படுத்தியிருப்பதாகக் கம்பெனி சொல்லும். முன்சீட்டு வளர வளரப் பின்சீட்டு தேய்ந்துகொண்டே போகிறது என்று இவர் சொல்வார். இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள், உட்கார்ந்திருந்த இடம்தான் வேறு.

நான்காவது தலைமுறைதான் இப்போது விற்பனைக்கு வந்திருக்கும் சாம்பல் நிற வண்டி. அதை மட்டும் புதிதாக வாங்கினார்கள். புதிது வாங்கும் உத்தேசம் தேவப்பிரியத்துக்கு இல்லை; மனைவிதான் அந்த நிலைக்குத் தள்ளினார். 2015 வெள்ளத்துக்கு அடுத்த வருடம் அது. சென்னை முழுவதும் பழைய வண்டிகள் பளபளவென்று, மலிவாக, புது சீட்டுக் கவரோடு வாங்குகிறவர்களுக்காகக் காத்திருந்தன. அவர்களுடைய மெக்கானிக் முபாஷிர் ஒரு வண்டியின் முன்கதவைத் திறந்து, சீட் பெல்ட்டைப் பிடித்துக் கிணற்றுக் கயிறுபோல இழுத்துக்கொண்டே போனார். சுருளின் கடைசி முழத்தில், துணிக்குக் குறுக்கே, காபி நிறத்தில் ஒரு கோடு.

"இது இன்னா தெரியுதாம்மா? சேறு. தண்ணி இங்க வரிக்கும் நின்னுக்கீது. கார்பெட்ட மாத்துவான், கவர மாத்துவான், செண்ட் அடிப்பான். பெல்ட்ட கடசி வரிக்கும் எவன் இழுத்துப் பாக்கறான்?"

ஞானபாக்கியம் பார்த்தார். அன்று முதல் பெல்ட்டை இழுக்காமல் ஒரு வண்டிக்கும் அவர் முகம் கொடுக்கவில்லை. எண்ணூர்ப் பக்கத்து வண்டியென்றால் கதவின் அடி ரப்பரை உரித்து உப்புக்காற்று தின்றிருக்கிறதா என்று பார்ப்பார். டிக்கியைத் திறந்து மீன் ஐஸ் உருகிய வாடை வருகிறதா என்று முகர்வார். இதிலெல்லாம் தேறிய வண்டியும் பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, கடைசியில் தண்ணீர் படாத வண்டி ஷோரூமில் மட்டும்தான் இருக்கிறது என்றாகிவிட்டது. கோபத்தில் தேவப்பிரியம் வண்டியை மனைவி பெயரிலேயே பதிந்தார். "நீயே வச்சிக்க. நீயே பாத்துக்க."

பிறகு மிக்ஜாம் புயல் வந்தது.

முந்தின நாளே தேவப்பிரியம் முன்னேற்பாடுகளில் இறங்கிவிட்டார். சென்ற வெள்ளத்தில் சந்தில் யாருடைய காரோ மிதந்து போய் ஒரு ஷட்டரை முட்டி உடைத்தது அவர் நினைவில் இருந்தது. கோடவுன் தரையில், சங்கிலியை இழுத்து அளப்பதற்காகப் பதித்த இரும்பு வளையங்கள் உண்டு. வண்டியை உள்ளே விட்டு, நான்கு சக்கரங்களையும் நான்கு வளையங்களோடு, கடையிலேயே உயர்ந்த ரகக் கயிற்றால், இழுவைக் கப்பலே இழுத்தாலும் அசையாதபடி இறுக்கிக் கட்டினார். ஷட்டரை இறக்கினார். மேலே வந்து நிம்மதியாகக் காபி குடித்தார்.

தண்ணீர் வந்தது. சந்தில் நின்ற வண்டிகள் எல்லாம் எழும்பி, மெல்லத் திரும்பி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்து போயின. எதிர்வீட்டுச் சுப்புராயனின் கார் பள்ளிக்கூடத்துச் சரிவில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதில் கால்மிதி நனைந்ததற்கு மேல் சேதமில்லை. தேவப்பிரியத்தின் கார் மட்டும் கடமை தவறாமல் நின்ற இடத்திலேயே நின்று, சீட்டு மூழ்கும்வரை தண்ணீர் குடித்தது.

மறுநாள் திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து ஃபைபர் படகுகள் சந்துக்குள் வந்தன. மாடிப்படியோரம் வந்த படகில் பிரகாஷ் நின்றான். தேவப்பிரியத்திடம் பல வருடமாகக் கயிறு வாங்குகிறவன். அவனுக்கு முன்னால் அவன் அப்பாவும் வாங்கினார். ஞானபாக்கியத்தைக் கைத்தாங்கலாகப் படகில் இறக்கி உட்காரவைத்துவிட்டு, இறக்கிக் கிடந்த ஷட்டரைப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணாச்சி, வண்டி இன்னாச்சு? உள்ளாற கீதா?"

தேவப்பிரியத்துக்கு அந்த நேரத்தில் கண்முன் வந்தது கார் அல்ல, காசிமேடு. கயிற்றுக் கடை அண்ணாச்சி தொய்வு விடாமல் கட்டினார் என்ற செய்தி ஏலக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்.

"இல்லப்பா. மாத்தூர்ல மச்சினன் வீட்டு மேட்டுல நிக்கி."

அவர் மனைவி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை அவரிடம் தேவப்பிரியம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார்.

"கயிறு விசயம் ஒரு உசுருக்கும் தெரியக் கூடாது பாக்கியம்."

"நான் ஏன் சொல்லப் போறேன்? நீங்க கட்டுனது, நீங்க சொன்னாத்தான் உண்டு."

மகனுக்கும் மாத்தூர்க் கதையே சொல்லப்பட்டது. முபாஷிர் வண்டியைக் கழற்றி, காயவைத்து, கார்பெட் மாற்றி, சீட் மாற்றி ஓடவைத்தார். ஓடியது. நன்றாகவே ஓடியது. போன மழைக்காலத்தில் அசனத்தன்று, திருவொற்றியூர் தாண்டி, இரண்டு கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, வண்டியில் எல்லாமே ஒன்றாக அணைந்தது. என்ஜின், விளக்கு, ஹாரன் எதுவும் இல்லை. பின்னால் வந்த லாரி பிரேக் போட்ட சத்தத்தை ஞானபாக்கியம் முதுகில் கேட்டார். கொஞ்ச நேரத்தில் வண்டி தானாகவே உயிர் பெற்று, ஒன்றும் நடக்காததுபோல் வீட்டுக்கு வந்தது. குழம்பு சிந்தவில்லை. அதை அவர் கவனித்துச் சொல்லாத முதல் பயணம் அதுதான்.

முபாஷிர் உதட்டைப் பிதுக்கினார். "உள்ளாற ஒயரு அரிச்சிகினே போவுது. எங்க நிக்கும்னு வண்டிக்கே தெரியாதும்மா."

விற்றுவிடலாம் என்று அப்போதுதான் முடிவானது. ஐந்தாவது தலைமுறையைப் போய்ப் பார்த்தார்கள். அது பேசியது. கூரையில் கண்ணாடி ஜன்னல் இருந்தது. "வானத்தப் பாக்க நான் எதுக்கு கார் வாங்கணும்? மொட்டமாடி இருக்குல்லா?" என்றார் ஞானபாக்கியம். வாளி சோதனையில் மட்டும் அது தேறியது.

செயலியிலிருந்து வந்த பையன் கையகலத் திரையோடு சாம்பல் நிற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் படம் எடுத்தான். வெள்ளத்தில் மாட்டியதுண்டா என்று கேட்டான். "கர்த்தர் கிருபையில ஒண்ணும் இல்ல" என்றார் தேவப்பிரியம். பொய்க்குச் சாட்சியாகக் கர்த்தரையே கூப்பிட்டவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கை சொல்லும்போது மட்டும் குரலை இறக்கிக்கொண்டதை ஞானபாக்கியம் கவனித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"ஏங்க, வாங்கிட்டுப் போறவன் ரோட்டுல நின்னா?"

"வண்டின்னா நிக்கத்தான் செய்யும். வாங்குறவன் யாரோ, எவனோ."

"எல்லாரும் யாரோதான். வந்து வாசல்ல நிக்கிற வரைக்கும்."

சனிக்கிழமை மத்தியானம் வாசலில் வந்து நின்றது பிரகாஷ். கூடவே அவன் அம்மா கன்னியம்மா, காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர், ஆகிருதியான பெண்மணி. சந்தின் அந்தக் கோடியில் பேசினால் இந்தக் கோடியில் கேட்கும்.

"இன்னா அண்ணாச்சி!" என்றான் பிரகாஷ். "போன்ல பாத்துகினே கீறேன், எங்கயோ பாத்த வண்டி மாரி கீதேன்னு. அட்ரஸ பாத்தா நம்ம வூடு! அது சரி, லேடி ஓட்டினதுன்னு போட்டுக்கீது, யக்கா எப்போ வண்டி ஓட்டக் கத்துகினாங்கோ?"

"அவ ஓட்டுனா நான் இங்க உயிரோட நிப்பனா?" என்று தேவப்பிரியம் சிரித்தார். சிரிப்பில் ஒரு பங்கு இருமல்.

"என் பொஞ்சாதி மலருக்கு எட்டாம் மாசம் அண்ணாச்சி. திடீர்னு வலி கண்டா, அந்த எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் லாரி லைன் கட்டிகினு நிக்கும், எந்த ஆட்டோக்காரன் உள்ள வருவான்? அதான் ஒரு வண்டி வாங்கிப் போட்டுடலாம்னு. எங்க வூட்டுல மொத காரு."

ஞானபாக்கியம் மோர் டம்ளர் தட்டோடு வந்து நின்றிருந்தார். லாரியின் பிரேக் சத்தம் அவருக்கு முதுகில் மறுபடி கேட்டது.

கன்னியம்மா வண்டியைச் சுற்றி வந்து, ஏலத்துக்கு வந்த வஞ்சிரத்தைப் புரட்டிப் பார்ப்பதுபோல் கதவைத் திறந்து மூடினார். "எனுக்கு வண்டி கிண்டியெல்லாம் தெரியாது. ஏறி எறங்கினா என் முட்டி சொல்லும்." முன்சீட்டில் ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார். "ஸோக்கா கீதுடா. பெல்ட்டு போட்லன்னா போலீசுக்காரன் புடிப்பானாமே, இது என்ன சுத்தி வருமா?"

பெல்ட்டைப் பிடித்து இழுத்தார்.

தேவப்பிரியம் சிரிப்பதை நிறுத்தினார். பெல்ட் வந்தது. வந்துகொண்டே இருந்தது. கன்னியம்மாவின் தோளைத் தாண்டி, வயிற்றைச் சுற்றி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். உலகத்திலேயே மிக நீளமான சீட் பெல்ட் அந்த வண்டியில்தான் இருக்கிறது என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியிருக்கும். கடைசியில் டக்கென்று மாட்டிக்கொண்டது. சுருளில் ஒரு முழத்துக்கும் குறைவாகவே மிச்சம். மாட்டியதைப் பார்த்து அவர் விட்ட பெருமூச்சைத் துறைமுகம்வரை கேட்டிருக்கலாம்.

"ரைட்டு" என்றான் பிரகாஷ். "முடிச்சுக்கலாம் அண்ணாச்சி. வேற எவன் வண்டின்னாலும் மெக்கானிக்க இட்டாந்து காட்டிருப்பேன். ஒங்க வண்டிக்கு இன்னாத்துக்கு? அன்னிக்கே மாத்தூருக்கு அனுப்பி வெச்சீங்க பாரு, அந்த மூளை எவனுக்கு வரும்!"

ஞானபாக்கியம் தட்டை ஸ்டூலில் வைத்தார். கணவரைப் பார்த்தார். அவர் கோடவுன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக ஞானபாக்கியம் வண்டியின் முன்பக்கத்துக்குப் போனார்.

"கன்னியம்மா, கொஞ்சம் இறங்குங்க."

"இன்னாம்மா?"

"இறங்குங்கம்மா. ஒண்ணு பாக்கணும்."

கன்னியம்மா பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். ஞானபாக்கியம் குனிந்து, பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். அது நீண்டது. கன்னியம்மாவின் அளவைத் தாண்டியும் நீண்டது. அதற்கு மேல் வராமல் தடுத்து நின்ற இடத்தில், துணிக்குக் குறுக்கே, காபி நிறத்தில் ஒரு கோடு இருந்தது.

"தண்ணி இங்கன வரைக்கும் நின்னுது" என்றார். "வண்டி மழையில நடுரோட்டுல ஒருநாள் அணைஞ்சு போச்சு. நான் உள்ள இருந்தேன். லாரிக்கு நடுவுல. ஒயரு அரிக்கின்னு முபாஷிர் சொல்லுதாரு. மலர இதுல ஏத்த வேண்டாம்."

பிரகாஷ் கோட்டைத் தொட்டுப் பார்த்தான். கன்னியம்மா விரலால் சுரண்டி முகர்ந்தார். "கலீஜ் தண்ணி. ஆமா, வெள்ளத் தண்ணிதான்."

"மாத்தூர்ல இருந்துச்சுன்னியே அண்ணாச்சி?"

பிரகாஷ் கேட்க, தேவப்பிரியம் இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கியா இருந்துச்சு? உள்ளாறயா?" பிரகாஷ் கோடவுனைச் சுற்றிப் பார்த்தான். "தெருவுல கெடந்த டப்பா வண்டியெல்லாம் மெதந்து கரை ஏறிடுச்சு. நானே பாத்தேன். இது மட்டும் ஏன் மெதக்கல? யக்கா, இது ஏன் மெதக்கல?"

"அது எனக்குத் தெரியாது" என்றார் ஞானபாக்கியம். அன்று அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். பெல்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

தேவப்பிரியம் கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். தரையில் பதித்திருந்த இரும்பு வளையத்தைக் காலால் தட்டிக் காட்டினார்.

"நான் கட்டிப் போட்டேன்."

"இன்னாத்த?"

"வண்டியத்தான். நாலு பக்கமும். இருக்கதுலயே நல்ல கயிறு."

"லூசா வுட்டா?"

தேவப்பிரியம் மிகவும் மெதுவாகச் சொன்னார். "இறுக்கி."

கன்னியம்மாவின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது தோளுக்கு ஏறி, முகத்துக்கு வந்து, வண்டியின் கூரையைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்து சுப்புராயன் எட்டிப் பார்த்தார்.

"அட நைனா! எங்க வூட்டு ஆம்பளைங்களாண்ட ரெண்டு தலமொறையா தொய்வு வுடு தொய்வு வுடுன்னு கத்துகினு, உன் வண்டிய இஸ்து கட்டிக்கினியா!"

"படகு மிதக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார் தேவப்பிரியம், காதெல்லாம் சிவக்க. "கார் மிதக்கணும்னு எவன்வே சொன்னான்?"

இதற்குப் பிறகு பிரகாஷாலும் நிற்க முடியவில்லை. அப்படியே வளையத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டான். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து கேட்டான்: "அப்போ படகுல ஏறச்சொல்லோ எங்கிட்ட ஏன் அண்ணாச்சி பொய் சொன்ன?"

"உங்கிட்டத்தான் சொல்லணும். கயிறு வாங்குறவன் நீதான?"

அதில் இருந்த நியாயத்தை யோசித்துப் பார்த்து, "அதுவும் சரிதான்" என்றான் பிரகாஷ். மோர் குடித்தார்கள். வண்டி வேண்டாம் என்று அவன் தனியாகச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

தேவப்பிரியம் பயந்தது எல்லாமே நடந்தது. கன்னியம்மா மறுநாள் காலை ஏலக்கூடத்துக்குப் போனார். அதற்கு மேல் விவரிக்கத் தேவையில்லை. கடைக்கு வருகிறவன் ஒவ்வொருவனும் கயிற்றை வாங்கிக்கொண்டு, முகத்தை வெகு பவ்வியமாக வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, எவ்ளோ தொய்வு வுடணும்?" என்று கேட்டான். கேட்பதற்காகவே சிலர் வந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு போக வெட்கப்பட்டுக் கயிறும் வாங்கிப் போனார்கள். மானம் போன மாதத்தில் வியாபாரம் ஏறியதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவருக்குப் புரியவில்லை.

இரண்டு நாள் அவர் மனைவியோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கைகழுவும்போது, குழாயைப் பார்த்துச் சொன்னார்.

"நீ கயிறப் பத்திச் சொல்லலயே."

"சொல்ல மாட்டேன்னு சொல்லியிருந்தேனே."

"ம்" என்றார். அதில் சமாதானம் ஆயிற்று. ஆன்றோவுக்கு அவரே போன் செய்து மூன்றாவது வரியை எடுக்கச் சொன்னார். அவன் காரணம் கேட்டான். காரணம் சொல்லி முடித்தபோது கோயம்புத்தூரிலிருந்தும் அதே சிரிப்பு வந்தது. வரி போனதும் சான்றும் போயிற்று. வண்டியை முபாஷிர் பாகங்களுக்காக எடுத்துக்கொண்டார். ஐந்தாவது தலைமுறைக்குப் பணம் கட்டியாயிற்று. வானத்தைப் பார்க்கும் ஜன்னல் இல்லாத ரகம்.

பிரகாஷ் கடைசியில் வாங்கியது, கன்னம் கிள்ளிய முகத்தோடு இருக்கும் அந்தப் பழைய இரண்டாவது தலைமுறை வண்டிகளில் ஒன்று. அதைப் பார்க்க மாத்தூருக்குப் போனபோது, தண்ணீர் நிரம்பிய தூக்குவாளியோடு ஞானபாக்கியமும் பின்சீட்டில் உட்கார்ந்து போனார். வாளி சிந்தவில்லை. பெல்ட்டிலும் கோடு இல்லை. மலருக்கு வலி கண்ட அன்று, லாரி வரிசைகளுக்கு நடுவே அது நிற்காமல் போய்ச் சேர்ந்தது. பெண் குழந்தை. குழந்தைக்குக் காசிமேட்டில் கயிற்றுக் கதையை ஒட்டி என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தேவப்பிரியத்திடம் மட்டும் யாரும் சொல்வதில்லை.

சாம்பல் நிற வண்டியை ஞானபாக்கியம் ஒரு நாளும் ஓட்டியதில்லை. அதை வாங்க வந்தவர்கள் முன்னால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, அவர்கள் பார்த்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.